நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு ‘பகடை துகில்’ இரவு: ஜமா பேசப் போகும் விழாக் குழுவினருக்கு

பாரதத் திருவிழாவுக்கு ஜமா, அதாவது தெருக்கூத்துக் குழு, பேசப் போகிறவர்கள் கர்ணன் வேஷம் யார் கட்டுவார், பதினெட்டாம் போரில் துரியோதனன் யார் என்று கேட்கிறார்கள். பாஞ்சாலி யார் என்று கேட்பவர்கள் குறைவு. திரௌபதி அம்மன் கோயிலில், அம்மன் பேரில் நடக்கும் விழாவில், அம்மன் வேஷம் கட்டுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலே வெற்றிலை பாக்கு மாறிவிடுகிறது. இந்த மதிப்புரை அந்த வேஷத்தை வைத்தே ஒரு ஜமாவை எடை போடுகிறது.

கடலூர்–நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டி, கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவே, கரும்புக் கொல்லை சூழ்ந்த ஓர் ஊர். வைகாசித் திருவிழாவுக்கு 10 இரவுக் கூத்து. ஆடிய ஜமா விழுப்புரம் பக்கத்தது. ஜமாவை நடத்தும் வாத்தியாரோடு சேர்த்து 15 பேர். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம் முடிந்து நான்காம் இரவு ‘பகடை துகில்’, அதாவது சூதாட்டமும் பாஞ்சாலியின் துகிலுரிதலும். சில ஊர்களில் ‘சூது துகில்’ என்பார்கள். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் ஜமாவின் பேரும் ஊரின் பேரும் இங்கே இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பாஞ்சாலி வேஷக்காரருக்காகவும் சகுனி வேஷக்காரருக்காகவும் இந்த ஜமாவை மறுபடியும் வைக்கலாம். ஆனால் நான்கு இடங்களை முன்கூட்டியே பேசித் திருத்திக்கொள்ள வேண்டும். அவை வருகிற இடத்தில் சொல்கிறோம்.

களரி, அதாவது கூத்து ஆடும் இடம், 16 அடிக்கு 16 அடி. மூன்று பக்கமும் சனம், பின்பக்கம் பக்கவாத்தியத்துக்கு இரண்டு பெஞ்சு. மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், முகவீணை. தண்ணீர் தெளித்து இறுக்கிய மண் தரை என்பதால் சலங்கைச் சத்தம் அடிக்கு அடி தனித்தனியாகக் கேட்டது. சிமெண்டுத் தரையாக இருந்தால் சலங்கை கலகலவென்று ஒன்றாகிவிடும், கிறுக்கி அடித்துச் சுழலும்போது காலும் வழுக்கும். குழு கட்டியிருந்தது வெள்ளை எல்இடி விளக்கு. அதில் சிவப்பு அரிதாரம் வெளிறித் தெரிகிறது என்று வாத்தியார் சொல்லி, மஞ்சள் விளக்கு இரண்டைத் தலைக்கு மேல் 9 அடியில் கட்டச் செய்தார். விளக்கு கண் மட்டத்தில் இருந்தால் கிரீடத்தின் கண்ணாடிச் சில்லெல்லாம் சனத்தின் முகத்தில் அடிக்கும். வேஷம் கட்டுகிற இடத்தில் முத்துவெள்ளை என்னும் அரிதாரப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கும்போதே எண்ணெயைக் குறைத்துக்கொண்டார்கள். கடலோரப் புழுக்கத்தில் எண்ணெய் மிஞ்சினால் நள்ளிரவுக்குள் புருவம் கன்னத்துக்கு வந்துவிடும்.

மைக் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விழாக்களுக்கு மாநில அரசு சலுகை கொடுத்தாலும் 12 மணி வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். துகில் வருவதோ விடியற்காலை 3 மணிக்கு. மைக்கை நம்பிப் பாடுகிற ஜமா சரியாக அந்த இடத்தில் ஊமையாகிவிடும். இந்த ஊரில் 12 மணிக்கு மைக்கை அணைத்தார்கள். ஜமா கலங்கவில்லை. ஐந்து கட்டைச் சுருதியில் வெறுந்தொண்டையாகவே பாடினார்கள். அதுவரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்த முகவீணைக்காரர் பெஞ்சின் முன் ஓரத்துக்கு வந்தார். சனத்தைக் களரிக்கு 10 அடி தூரம் வரை நெருங்கி உட்காரச் சொன்னார்கள். மைக் நின்ற பிறகுதான் இந்தக் கூத்து நிமிர்ந்து உட்கார்ந்தது என்றே சொல்லலாம்.

சூதாட்டம் நள்ளிரவு தாண்டித் தொடங்கியது. பல ஜமாக்கள் இதைச் சகுனியின் சிரிப்புக்காகவே ஆடுகின்றன. இங்கே சகுனி செய்த ஒரு காரியம் தனியாகச் சொல்லத் தக்கது. நாடு, நகரம், படை, பொக்கிஷம் எல்லாம் பாட்டிலேயே போன பின், ஒரு பித்தளைத் தட்டில் ஆறு கொட்டைப்பாக்கை வரிசையாக அடுக்கித் தர்மர் முன்னால் வைத்தார். எதிரே தமக்கு ஒரு வெறுந்தட்டு. நகுலன் போனான், ஒரு பாக்கு இந்தத் தட்டுக்கு வந்தது. சகாதேவன், அர்ச்சுனன், வீமன். ஐந்தாவது பாக்கு தர்மரே. அதை எடுக்கும்போது சகுனி தட்டைப் பார்க்காமல் தர்மரின் முகத்தையே பார்த்தார். இப்போது தர்மரின் தட்டில் ஒற்றைப் பாக்கு மிச்சம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவிக்கும் அது யார் என்று தெரியும்.

வியாசர் சொல்லும் வரிசையும் இதுதான்: தம்பிமார் நால்வர், பிறகு தான், அதற்கும் பிறகு மனைவி. இந்த வரிசை சனத்தின் மனதில் பதியாவிட்டால் பாஞ்சாலி சபையில் கேட்கப்போகும் கேள்விக்கு அடித்தளமே கிடையாது. பாட்டின் வேகத்தில் ‘எல்லாம் தோற்றார்’ என்று ஒரே தருப் பாட்டில் முடித்துவிடும் ஜமாக்களில், பின்னால் அவள் கேட்கும்போது அது வெறும் புலம்பலாகிவிடுகிறது. ஆறு பாக்கு, இரண்டு தட்டு. செலவே இல்லாத வித்தை. மற்ற ஜமாக்களும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் குறை இதற்கு அடுத்த நிமிடமே வந்தது. ஆறாவது பாக்கு போனதும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் உள்ளே வந்து 20 நிமிடம் பேசினார். அதில் பாதி, பெண்களைப் பற்றிய இரட்டை அர்த்தப் பேச்சு. ஒரு பெண்ணைப் பணயமாக வைத்துத் தோற்ற அந்தக் கணத்தில் இந்தச் சிரிப்பு சகிக்கக்கூடியதல்ல. முன்வரிசைப் பெண்கள் சிலர் எழுந்தே போனார்கள். காரணம் என்னவென்றால், அந்த 20 நிமிடத்தில்தான் திரைக்குப் பின்னால் பாஞ்சாலிக்குச் சேலை சுற்றுகிறார்கள். களரி காலியாக இருக்கக் கூடாதென்று கட்டியங்காரனை அனுப்புகிறார்கள். கதையிலேயே இதற்கு மருந்து இருக்கிறது. துரியோதனன் ஏவ, பிராதிகாமி என்னும் தேரோட்டி பாஞ்சாலியை அழைக்கப் போகிறான். அவள் வர மறுக்கிறாள். ஒற்றை ஆடையில், தலைமுழுகாத நாளில் இருப்பதைச் சொல்கிறாள். சபைக்கு ஒரு கேள்வியையும் சொல்லி அனுப்புகிறாள். அந்தக் கட்டத்துக்கு அவள் முகம் தெரிய வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் சேலை சுற்றிக்கொண்டே குரல் கொடுத்தால் போதும்; உள்ளே இருக்கிற பெண், வெளியே நிற்கிற ஏவலாள் என்பதற்கு அந்தத் திரையே பொருத்தமான சுவர். இந்த ஜமா பிராதிகாமியை அடியோடு விட்டுவிட்டது. கேட்டு வாங்குங்கள்.

துச்சாதனன் கூந்தலைப் பற்றி இழுத்து வந்தபோது மணி 2.40. பாஞ்சாலி வேஷக்காரர் நடுவயது ஆண். இழுபடும்போது தடுமாறினாரே தவிர, தரையில் விழவில்லை. சபை நடுவே வந்ததும் கூந்தல் துச்சாதனன் பிடியில் இருக்கும்போதே தர்மரின் வெறுந்தட்டைப் பார்த்தார். அழுகை கிடையாது. வசனமாக, பாட்டில்லாமல், சாதாரணப் பேச்சுக் குரலில் கேட்டார்: “தன்னைத் தோத்துட்டு என்னை வச்சாரா, என்னைத் தோத்துட்டுத் தன்னை வச்சாரா?” சகுனியின் தட்டிலிருந்து ஐந்தாவது பாக்கை எடுத்துத் தூக்கிக் காட்டினார். “இது முன்ன போச்சே. போன பாக்கு இன்னொரு பாக்கை எப்படி வைக்கும்?” பீஷ்மரிடம் ஒரு தரம், துரோணரிடம் ஒரு தரம், திருதராட்டிரனிடம் ஒரு தரம். மூவரும் தலை குனிய, தாளம் மட்டும் ஒற்றைத் தட்டு.

பாஞ்சாலியின் நெஞ்சுரம் என்று பேசும்போது பலரும் சபதத்தைத்தான் நினைக்கிறார்கள். அதற்கு முன்னாலேயே, கூந்தல் பிறன் கையில் இருக்கும்போது, சட்டம் கேட்கிறாளே, அதுதான் அவளுடைய முதல் வலு. சபையில் இருந்த பெரியவர்கள் யாருக்கும் அதற்கு நேரான பதில் இல்லை. இதைக் கூச்சல் போடாமல் ஆடிக் காட்டியதற்காகவே இந்த வேஷக்காரருக்குத் தனிச் சம்மானம் கொடுக்கலாம்.

அவள் கேட்டது சரி என்று எழுந்து நின்றவன் கௌரவரில் ஒருவன், விகர்ணன். துரியோதனனின் சொந்தத் தம்பி. அவனும் இந்த ஜமாவில் இல்லை. வேஷக்காரர் போதவில்லை என்றார்கள். கட்டியங்காரனே மேல்துண்டை மாற்றிப் போட்டு அந்த நான்கு வரியைச் சொல்லியிருக்கலாம். பகைவர் வீட்டிலேயே ஒருவன் அவள் பக்கம் பேசினான் என்பது சின்ன விஷயம் இல்லை. இது இரண்டாவது குறை.

இனித் துகில். இரண்டு விதமாக ஆடுவார்கள். ஒரே சேலையை இரண்டு பேர் நீட்டிப் பிடிக்க, பாஞ்சாலி இருந்த இடத்திலேயே சுழல்வது ஒன்று. பல சேலைகளை உடம்பில் சுற்றி உண்மையாகவே இழுப்பது இன்னொன்று. இந்த ஜமா இரண்டாவது. ஊர்ப் பெண்கள் வேண்டுதலாகக் கொடுத்த 7 சேலை; சேலைக்கு 6 கஜம், ஆக 42 கஜம், ஏறக்குறைய 38 மீட்டர். ஒன்றின் முந்தானையை அடுத்ததன் உள்முனையோடு ஒரு சாண் மேல்வைத்து ஓட்டுத் தையல் போட்டிருந்தார்கள். முடிச்சுப் போட்டால் இடுப்பில் கட்டி கட்டியாகப் புடைக்கும், இழுக்கும்போது ஒரு சுற்று இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். ஊக்கு குத்தினால் சேலை கிழியும், வேஷக்காரர் கையையும் பதம் பார்க்கும். கொசுவம் மேல் சுற்றுக்கு மட்டும். உள்ளே உள்ளதெல்லாம் ஒரே திசையில் தட்டையாகச் சுற்றியது. எல்லாவற்றுக்கும் அடியில் எட்டாவதாக ஒரு மஞ்சள் சேலை, முழுக்கை ரவிக்கையோடு முறையாகக் கட்டியது. அது கடைசி வரை அசையவில்லை.

துச்சாதனன் இழுக்கிற வேகமும் பாஞ்சாலி சுழல்கிற வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். துச்சாதனன் முந்தினால் துணி இடுப்பை இறுக்கி மூச்சு முட்டும். பாஞ்சாலி முந்தினால் துணி தளர்ந்து காலில் சிக்கும். இந்த இரண்டையும் காப்பாற்றியவர் மிருதங்கக்காரர். அவர் கண் முழுக்கப் பாஞ்சாலியின் பாதத்தில்தான் இருந்தது. பாதம் ஒரு வட்டம் முடிக்கிறபோது ஒரு அடி, அந்த அடிக்குத் துச்சாதனன் ஒரு இழுப்பு.

இழுக்கும் முன் துச்சாதனன் வேஷக்காரர் கோயில் பக்கம் திரும்பி, சூடம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டார். இது ஆட்டத்தின் பகுதி இல்லை, ஆடுகிறவரின் பயபக்தி. அந்தச் சூடத்தட்டைத் துகில் நடக்கும் இடத்திலிருந்து 6 அடி தள்ளி வைக்கச் சொன்னார் வாத்தியார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தது. கொடுத்த சேலைகளில் பாதி சின்தெடிக். ஒரு பொறி போதும். சேலை சேகரிக்கும்போதே நூல் சேலையாகக் கேட்பது நல்லது. கொஞ்சம் கனம் கூடும், ஆனால் தீயில் உருகி உடம்பில் ஒட்டாது, சர்ரென்று நழுவி விழாமல் வேஷக்காரரின் பிடிக்கும் அடங்கும்.

அந்தப் பிடியில்தான் எல்லாம் இருக்கிறது. இழுப்புத் தொடங்கியதும் இரண்டு கையையும் மேலே தூக்கிக் ‘கோவிந்தா’ என்று நின்றுவிடும் பாஞ்சாலிகள் ஏராளம். காலண்டர்ப் படத்துக்கு அது சரி. பக்தி அங்கே தெரியாது, பயம்தான் தெரியும். வில்லிபாரதம் இந்த இடத்தைப் படிப்படியாகச் சொல்கிறது: கண்ணீர் சோர, கூந்தல் சோர, ‘துகில் தகைந்த கைசோர, மெய்சோர’, அதன் பிறகே வேறு சொல் இல்லாமல் ‘கோவிந்தா கோவிந்தா’. துகிலைத் தடுத்துப் பிடித்திருந்த கை தளர்கிறது. கூப்பிடுதல் அதற்கு அடுத்து. வில்லிபுத்தூரார் பிறந்த சனியூர் திருமுனைப்பாடி நாட்டில் உள்ளது என்பார்கள். இந்தக் கெடிலக்கரையும் அந்த நாடுதான். பகலில் கோயிலில் பாரதம் படித்த பிரசங்கியார் அன்று மாலை இதே பாட்டுக்குப் பொருள் சொல்லியிருந்தார். இரவில் வேஷக்காரர் அதை அப்படியே உடம்பில் காட்டினார்.

வலது கை நெஞ்சில், இடது கை இடுப்பில். இழுப்புத் தொடங்கி நான்கு நிமிடம் அவர் விடவேயில்லை. கணவர் ஒவ்வொருவர் பேரையும் சொல்லிக் கூப்பிட்டார். பதில் வராத ஒவ்வொரு தரமும் பிடி இறுகியது. விரல் முட்டி வெளுத்தது மஞ்சள் விளக்கில் தெரிந்தது. பிறகு வலது கை தளர்ந்தது. முகவீணை நின்றது. இடது கை இன்னும் இடுப்பில். ஒரு முழுச் சுற்று அப்படியே போனது. பிறகு அதுவும் விட்டது. மிருதங்கமும் நின்றுபோய் ஜால்ரா ஒன்றே ஒலிக்க, அவர் கத்தவில்லை, பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுவது போல ‘கோவிந்தா’ என்றார். சனம் மொத்தமும் திருப்பிச் சொன்னது. ஒலிபெருக்கி இல்லாத அந்த ஊரில் அந்தச் சத்தம் கரும்புக் கொல்லை தாண்டிப் போயிருக்கும்.

கேட்க வேண்டியவர்களை எல்லாம் கேட்டு, தன் கையால் முடிந்த மட்டும் தடுத்து, அதற்கும் மேல் முடியாது என்ற இடத்தில்தான் அவள் கையை விடுகிறாள். அந்த நான்கு நிமிடத்தைக் குறைக்காமல் ஆடுகிற வேஷக்காரர் கிடைப்பது அரிது.

ஏழு சேலையும் குவிந்த பின் துச்சாதனன் மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து, விபூதி இட்டுத் தூக்கிப் போனார்கள். கூந்தலை விரித்துப் போட்டுச் சபதம். துரியோதனன் தொடை ரத்தம் தொட்டுத்தான் இனி முடிப்பேன் என்ற அந்த விருத்தத்தை வாத்தியாரே பின்பாட்டில் வாங்கிப் பாடினார். நன்றாக இருந்தது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சபதத்துக்குப் பிறகு வரும் வரம் கேட்கும் கட்டம் ஓட்டமாக ஓடிவிட்டது. இது மூன்றாவது குறை. திருதராட்டிரன் வரம் கேள் என்கிறான். வியாசர் கதையில் அவள் முதல் வரத்தில் தர்மரின் அடிமைத்தனத்தை நீக்குகிறாள். தன் மகனை யாரும் அடிமையின் பிள்ளை என்று சொல்லிவிடக் கூடாது என்பது அவள் சொல்லும் காரணம். இரண்டாவதில் மற்ற நால்வரையும் தேரோடும் வில்லோடும் மீட்கிறாள். மூன்றாவது கொடுக்கிறேன் என்றபோது வேண்டாம் என்று விடுகிறாள். நாடு கேட்கவில்லை. தோற்றவர்கள் ஐந்து பேரையும் மீட்டவள் அவள்தான். இதற்கு இந்த ஜமா கொடுத்தது 5 நிமிடம், மணி நாலரைக்கு, பாதிச் சனம் தூங்கிய பின். கட்டியங்காரனின் 20 நிமிடத்தை எடுத்து இங்கே போட்டால் இரவே மாறிவிடும்.

நான்காவது குறை மறுநாள் தெரிந்தது. ஐந்தாம் இரவு அர்ச்சுனன் தபசு. விடைகொடுக்க வரும் பாஞ்சாலி பின்னல் போட்டு, மல்லிகைச் சரம் வைத்து வந்தார். முந்தின இரவுச் சபதம் எங்கே போனது? அதே வேஷக்காரர்தான், ஆனால் சவுரி வேறு. சுபத்திரைக்குப் பின்னிய சவுரியை அவசரத்தில் மாட்டிவிட்டார்கள். 12 ஆண்டு வனவாசம், ஓராண்டு மறைந்த வாழ்வு, அதற்குப் பிறகு 18 நாள் போர், அத்தனை காலமும் அந்தக் கூந்தல் விரிந்தே கிடக்கிறது. கூத்தில் அவள் பொறுத்திருப்பதைக் காட்ட வேறு வசனம் தேவையில்லை. விரிந்த கூந்தலோடு ஒவ்வோர் இரவும் வந்து நின்றால் போதும். குழுவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும், ஆறாம் இரவு குறவஞ்சியில் சரியாகிவிட்டது.

பத்தாம் இரவு பதினெட்டாம் போர் முடிந்து, விடிந்ததும் படுகளம். மல்லாந்து கிடக்கும் துரியோதனனின் மண் உருவத் தொடையில் வீமன் அடிக்க, பாஞ்சாலி கூந்தல் முடித்த அந்த இடத்தில் பெண்கள் குலவையிட்டார்கள். அன்று மாலை தீமிதி.

பேசும்போது கவனிக்க வேண்டியவை சில. கூலி இரவுக் கணக்கா, விழாவுக்கு மொத்தமா என்பதைத் தாம்பூலத்தின்போதே எழுதிக்கொள்ளுங்கள். வண்டி வாடகையும் படுகளத்து மண் உருவமும் பெரும்பாலும் அதில் சேராது. 15 பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, இரவு 2 மணிக்கு டீ. வேஷம் கட்ட, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் உள்ள மூடிய இடம். துகில் சேலைகளை முந்தின நாள் மதியத்துக்குள் கொடுத்தால்தான் தைக்க நேரம் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் தையலைப் பிரித்து அம்மன் சந்நிதியில் வைத்து ஏலம் விடுவதா, கொடுத்தவர்களுக்கே பிரசாதமாகத் திருப்புவதா என்பதையும் முன்பே அறிவித்துவிடுங்கள். இந்த ஊரில் அதற்குத்தான் மறுநாள் காலை பேச்சு வளர்ந்தது. பகலில் பாரதம் படிக்கிறவரையும் வாத்தியாரையும் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார வையுங்கள். பிராதிகாமி, விகர்ணன், இரண்டு வரம், இந்த மூன்றுக்கும் இடம் உண்டா என்று கேளுங்கள். பாஞ்சாலிக்குச் சவுரி இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள்: முதல் மூன்று இரவுக்குப் பின்னியது ஒன்று, நான்காம் இரவிலிருந்து படுகளம் வரை பின்னாதது ஒன்று.